பழம் பறித்துக்கொண்டே உலகம் சுற்றலாமா?

அன்புள்ள சார்,

எனக்கு வயது 29. பெருங்குடியில் ஐடி கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை. சேமிப்பு மூன்று லட்சம் ரூபாய். யூடியூபில் வெள்ளைக்காரப் பையன்கள் தோட்டத்தில் இரண்டு மாதம், பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் ஒரு மாதம் என்று கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். நானும் வேலையை விட்டுவிட்டு அப்படிக் கிளம்பலாம் என்றிருக்கிறேன். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

க., வேளச்சேரி

அன்புள்ள க.,

முதலில் உங்கள் நண்பன் சொன்னதை ஓரமாக வைத்துவிடுவோம். டூரிஸ்ட் விசாவில் போய்க் கூலி வாங்குவதை ஏறக்குறைய எந்த நாடும் அனுமதிப்பதில்லை. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் பல நாடுகளின் விசா விண்ணப்பங்களில் ‘உங்களை எந்த நாடாவது வெளியேற்றியதுண்டா’ என்ற கேள்வி வரும்போதெல்லாம் பேனா தயங்கும். பிடிபடாவிட்டாலும், கூலி தராத முதலாளியைப் பற்றிப் புகார் சொல்லத் துணிய மாட்டீர்கள். அது அவனுக்கும் தெரியும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன நம் பையன்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், மியான்மரின் மியாவாடியில், ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைபட்டதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் தெரிந்து ஆங்கிலமும் பேசுகிற உங்களைப் போன்றவர்களைத்தான் அந்தக் கும்பல்கள் தேடுகின்றன.

சரி, வீடியோவில் வரும் பையன்கள் மட்டும் எப்படிச் சுற்றுகிறார்கள்? அவர்களிடம் இருப்பது வொர்க்கிங் ஹாலிடே விசா. ஊரும் சுற்றலாம், வேலையும் பார்க்கலாம். ஜெர்மானியப் பையனுக்கு ஆஸ்திரேலியா இதை எண்ணிக்கை வரம்பே இல்லாமல் தருகிறது. நமக்கு 2024-இல்தான் அந்தக் கதவு திறந்தது, அதுவும் ஒருக்களித்து. இந்தியா முழுமைக்கும் வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறையில். பெயர் விழுந்தால் 5,000 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். உங்கள் மூன்று லட்சம் கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும், விமான டிக்கெட் தனி. பிரிட்டனிலும் இதுபோல ஒன்று உண்டு: வருடத்துக்கு 3,000 இடம், குலுக்கல் இலவசம், பட்டப்படிப்பு வேண்டும். ஆனால் 2,530 பவுண்டு கையிருப்பு போக, இரண்டு வருட மருத்துவக் கட்டணமாக மட்டும் 1,552 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆக, உங்கள் பணத்துக்கு இப்போதைக்கு அது எட்டாது.

ஆஸ்திரேலியாவில் கூலி நல்ல கூலிதான். 2025 ஜூலை முதல் குறைந்தபட்சம் மணிக்கு 24.95 டாலர், கேஷுவலாக, அதாவது நிரந்தரமில்லாமல் வேலை பார்க்கிற ஆளுக்கு அதன்மேல் 25 சதவீதம். பெட்டிக் கணக்கில் பறிப்பவருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று 2022-இல் விதி வந்துவிட்டது. ஆனால் மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை. அறை வாடகை மட்டும் மழை பார்த்து நிற்காது. மில்டூரா பக்கம் திராட்சை பறித்துவிட்டு வந்த ஒரு பையனை மாமல்லபுரத்து டீக்கடையில் சந்தித்தேன். கொத்தைக் காம்பில் பிடித்துத்தான் தூக்க வேண்டுமாம். பழத்தில் விரல் பட்டால் மேலே படிந்திருக்கும் வெண்பூச்சு அழிந்துபோகும், மேஸ்திரி அந்தப் பெட்டியைத் தள்ளிவைத்துவிடுவார். முதல் வாரம் முழுக்கத் தன் பெட்டிகள்தான் ஓரத்தில் கிடந்தன என்று சிரித்தான். கம்பம் பன்னீர் திராட்சையைக் கிலோக் கணக்கில் அள்ளிப் போடுகிற நம் தள்ளுவண்டிக்காரரை அவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பார்த்தது ஹாஸ்டல் வேலை. 2017-இல் ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலீசியில், மூன்று வாரம். சம்பளம் கிடையாது. தினம் ஐந்து மணி நேர வேலைக்குப் படுக்கையும் காலைச் சாப்பாடும். அது சட்டப்படி சரியா என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. பல நாடுகள் இதையும் வேலை என்றே பார்க்கின்றன, ஆகவே என்னைப் பின்பற்றாதீர்கள். காலை பத்து மணிக்கு ஆட்கள் காலி செய்ததும் விரிப்பு மாற்ற வேண்டும். இரட்டைக் கட்டிலின் மேல்தட்டுதான் ஆளைக் கொல்லும். கீழே நின்றால் சுவரோர மூலை எட்டாது. மேலே ஏறினால் எந்த விரிப்பை இழுக்க வேண்டுமோ அதன்மேலேயே உட்கார்ந்திருப்போம். ஏணியில் ஒரு முழங்காலை ஊன்றி, சுவரோர மூலைகளை முதலில் மாட்டிவிட்டு, பின்னோக்கி இறங்கிக்கொண்டே மற்ற இரண்டையும் இழுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு நாள் ஆனது. (டார்மிட்டரி வாழ்க்கை மட்டும் புதிதாகத் தெரியவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஏழு வருடம் இருந்தவன் நான். மூட்டைப்பூச்சிகூட அதே ரகம்தான்.) இவ்வளவுக்கும் நான் மிச்சம் பிடித்தது, அன்றைய விலையில் நாளைக்கு ஐந்நூறு ரூபாய். பழைய நகரத்தை வெளிச்சத்தில் பார்த்தது மொத்தம் நான்கு முறை. மூன்றாம் வாரம் இரவு ரிசப்ஷனையும் என் தலையில் கட்டினார்கள். மறுநாள் காலையே மூட்டையைக் கட்டிவிட்டேன்.

அதனால் என் யோசனை வேறு. உங்களுக்கான பழத்தோட்டம் பெருங்குடியில்தான் இருக்கிறது. அங்கே நீங்கள் ஒரு வாரத்தில் சம்பாதிப்பதை ஹாஸ்டலில் விரிப்பு மாற்றி மிச்சம் பிடிக்க எத்தனை வாரம் ஆகும் என்று போட்டுப் பாருங்கள். மூன்று லட்சத்தில் டிக்கெட், விசாவுக்கு ஐம்பதாயிரம். அவசரத்துக்குத் தொடாமல் வைக்க இன்னொரு ஐம்பதாயிரம். மீதி இரண்டு லட்சம். வியட்நாம், லாவோஸ் பக்கம் நாளைக்கு இரண்டாயிரம் என்று வைத்தால் நூறு நாள். யாருக்கும் விரிப்பு மாற்ற வேண்டாம். கம்பெனியில் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள், தராவிட்டால் அப்போது விடுவதைப் பற்றி யோசிக்கலாம். திரும்பி வந்து ஒன்றரை வருடம் சேர்த்தால் அடுத்த நூறு நாள்.

அப்பாவுக்குக் கோபம் நீங்கள் ஊர் சுற்றுவதில் என்று எனக்குத் தோன்றவில்லை. திரும்பும் தேதி இல்லை என்பதில்தான். ரிட்டர்ன் டிக்கெட்டைப் போட்டு அவரிடம் காட்டுங்கள்.

ஆஸ்திரேலியக் குலுக்கலை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதிவுக் கட்டணம் 25 டாலர், பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வேண்டும். 30 வயது வரைதான் அனுமதி. உங்களுக்கு 29 என்கிறீர்கள், அடுத்த பதிவு எப்போது திறக்கிறது என்று அவர்களுடைய உள்துறை இணையதளத்தில் இன்றே பாருங்கள்.