2018 ஃபோர்ஸ் இந்தியா: 59 புள்ளிகள் எங்கே போயின?

2018 ஃபார்முலா 1 கார் பந்தயத் தொடரில் ஃபோர்ஸ் இந்தியா அணியின் ஓட்டுநர்கள் பெரெஸ் 62, ஓகான் 49 புள்ளிகள், கூட்டினால் 111. அணிக்கு மட்டும் ஏன் 52 என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கூட்டல் சரிதான். 2018 ஜூலையில் ஃபோர்ஸ் இந்தியா கடனில் மூழ்கி, திவால் நடவடிக்கையில் நியமிக்கப்பட்ட நிர்வாகியின் கைக்குப் போனது. லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு நிறுவனத்தை அப்படியே வாங்காமல் அதன் சொத்துகளை மட்டும் வாங்கியது. அதனால் பெல்ஜியம் பந்தயத்திலிருந்து அது புதிய அணி. பழைய 59 புள்ளிகள் அணிக்கணக்கில் அழிந்தன, ஓட்டுநர்களுடையவை தப்பின.

அட்டவணையில் பழைய அணி, புதிய அணி என்று இரண்டு வரிகளாகப் போடுங்கள். அணி வரலாறு எழுதும்போது மட்டும் பிரிக்காதீர்கள். 1991இல் ஜோர்டன், அப்புறம் மிட்லாண்ட், ஸ்பைக்கர், ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயின்ட், 2021 முதல் ஆஸ்டன் மார்ட்டின்: பெயர்தான் மாறியது, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் உள்ள தளம் மாறவில்லை. என்னைப் பொறுத்தவரை அது ஒரே அணிதான்.