வாளியில் இருக்கும் கூம்பு நத்தையை எப்படித் தூக்குவது?

கூம்பு நத்தை நச்சுப்பல்லால் கொட்டும் கடல் நத்தை. உங்கள் வாளியில் இருப்பதன் ஓட்டில் வலைப்பின்னல் கோலமும் அகன்ற வாயும் இருப்பதாகவும், அகன்ற முனையைப் பிடித்துத் தூக்கினால் கொட்டாது என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். நச்சுப்பல்லை ஏவும் தும்பிக்கை போன்ற உறுப்பு ஒடுங்கிய முனையில்தான் இருக்கிறது. ஆனால் அது நீண்டு வளைந்து ஓட்டின் பல பகுதிகளை எட்டும். அதே முனையில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வேறு, அது நீரை இழுப்பதற்கு. அதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

பல் உள்ளீடற்ற ஈட்டி போன்றது, துணியையும் மெல்லிய கையுறையையும் துளைக்கும். நத்தை உள்ளே சுருங்கிக்கொண்டால் ஓடு காலி போலவே தெரியும். நீங்கள் சொல்லும் வலைப்பின்னல் கோலமும் அகன்ற வாயும் கோனஸ் ஜியோகிராஃபஸாக இருக்கலாம்; மனித உயிரைப் பறித்த இனம் அது. தொடாமல் வாளியோடு கொண்டுபோய்க் கடல்நீரிலேயே சாய்த்து விடுங்கள்.

கொட்டிவிட்டால் வலி குறைவாக இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். மரத்துப்போதல், இமை தொங்குதல், பிறகு மூச்சுத் தசைகள் முடங்குதல் என்று போகும். அகலமான மீள்கட்டால் (இழுபடும் துணிக்கட்டு) கை முழுவதும் இறுக்கிச் சுற்றி, மரக்கட்டையை அணைத்துக் கட்டி அசையாமல் செய்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கீறவோ உறிஞ்சவோ கூடாது. நச்சுமுறி மருந்து இல்லை, மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம்தான் உயிரைக் காக்கும்.