ரீமேப் போட்டால் லோடு இழுக்குமா? பிக்கப் ஓட்டுகிறவர்களின் கேள்விகள்

கே: கடலூர் முதுநகர். பி.எஸ்.6 பிக்கப்பில் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு ராத்திரியில் மெட்ராஸ் போகிறேன். மரக்காணம் தாண்டுவதற்குள் திணறுது, அறுபதுக்கு மேல ஏறல. ஈ.சி.யு. ரீமேப் போட்டா சரியாகும்னு சொல்றாங்க. போடலாமா அண்ணே?

இப்போ வேண்டாம். ரீமேப் என்றால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வில், டீசல், பூஸ்ட் அளவுகளைச் சொல்லும் மேப்பை மாற்றி எழுதுவது. புதுசில் இதே லோடை இழுத்த வண்டிதானே? உள்ளே இருக்கும் மேப் தானாக மாறியிருக்காது, வேறு ஏதோ கெட்டிருக்கிறது. முதலில், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றுங்கள். கிளாம்ப் ஓரமாகக் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கிறதா? ஹோஸை வளைத்து அடிப்பக்கத்தையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் வாய் பிளந்திருக்கும். ஐடிலில் மூடிக்கொண்டே இருக்கும். மிதித்து பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறும்போதுதான் திறக்கும். அதனால்தான் நிறுத்தி வைத்துப் பார்க்கிற மெக்கானிக் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார்.

அடுத்தது ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர். மீன் வண்டிக்கென்று தனியாக ஒரு வியாதியும் உண்டு. ஐஸ் தண்ணீர் உப்போடு வழிந்து, கீழே இருக்கும் சென்சார் கனெக்டர்களில் பச்சை பூத்துவிடும். சிக்னல் தப்பாக வந்தால் ஈ.சி.யு. லிம்ப் மோடுக்குப் போய், இன்ஜினைக் காப்பாற்ற பவரைக் குறைத்துவிடும். ஸ்கேனரை மாட்டி லோடோடு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈ.சி.யு. கேட்கிற பூஸ்ட் எவ்வளவு, கிடைக்கிற பூஸ்ட் எவ்வளவு என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஓட்டை ஹோஸோடு ரீமேப் போட்டால் டீசல் கூடும், அதை எரிக்கக் காற்று இருக்காது. புகை போய், எக்ஸாஸ்டில் புகைத்துகளைப் பிடிக்கும் ஃபில்டரான டி.பி.எஃப்.பில் அடையும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும். அப்படியே ஓட்டினால் டர்போ, பிஸ்டன் என்று செலவு நீளும். எவ்வளவு எடை ஏற்றுகிறீர்கள் என்று நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை!

கே: ஓ.பி.டி. போர்ட்டில் (ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) சொருகினாலே மைலேஜ் கூடும் என்று ஆன்லைனில் சின்ன டப்பா விற்கிறார்களே?

நான் பிரித்துப் பார்த்தவற்றில் விளக்கு மினுக்குவதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டர் வாங்குங்கள்.

கே: வில்லியனூர். டி.பி.எஃப். அடிக்கடி அடைக்கிறது. அதையும் ஈ.ஜி.ஆரையும் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் வால்வு) எடுத்துவிட்டு, விளக்கு எரியாமல் மேப் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-ன்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமையாளர் நீங்கள்தான். மேப் போட்டவர் அன்றைக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார்.

டி.பி.எஃப். அடைவதற்குக் காரணம் உங்கள் ஓட்டமாக இருக்கலாம். மார்க்கெட்டிலிருந்து கடை, கடையிலிருந்து மார்க்கெட் என்று குட்டிக் குட்டி நடைதானே? புகைத்துகள் எரிய வேண்டிய சூடு வருவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். வாரத்தில் ஒருநாள் திண்டிவனம் ரோட்டில் இருபது, இருபத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். ரீஜென், அதாவது அடைந்த புகைத்துகளை வண்டி தானே எரிப்பது, நடக்கும்போது அணைக்காதீர்கள். அப்படியும் அடைத்தால் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும்.

கே: லாஸ்பேட்டை. சொந்த உபயோகத்துக்கு இசுஸு வி-கிராஸ் 1.9 பிக்கப் வைத்திருக்கிறேன், வாரண்டி இருக்கிறது. ஸ்டேஜ் 1 (பாகம் எதையும் மாற்றாமல் மேப் மட்டும் மாற்றும் டியூன்) போடலாமா சார்?

163 பி.எஸ்., 360 நியூட்டன் மீட்டர் வருகிற வண்டி. இதற்கு மேல் எங்கே போகப் போகிறீர்கள், ஈ.சி.ஆரில் மாடு குறுக்கே வருகிற ஊரில்? இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால் அளவான டியூனைத் தாங்கும். முதலில் கிளட்ச்தான் வழுக்க ஆரம்பிக்கும். வாரண்டி காலத்தில் தொடவே வேண்டாம். கம்பெனி போட்ட ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும், எழுதியதன் தடயம் பல ஈ.சி.யு.க்களில் தங்கிவிடும். சர்வீஸில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் உங்கள் டியூன் அதோடு போய்விடும். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் போட்டால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல் வரலாம்.

கே: பண்ருட்டி. ஈ.சி.யு.வில் புது மேப் எழுதும் ஃபிளாஷ் பாதியில் நின்றுவிட்டது. வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை.

எழுதும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கியிருக்கும். அதற்கென்று உள்ள பவர் சப்ளையை மாட்டாமல் யாரும் லேப்டாப்பைத் திறக்கவே கூடாது. பதறி வேறு ஈ.சி.யு. வாங்கிவிடாதீர்கள், சாவியைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் அதைச் சும்மா ஏற்காது. உங்கள் ஈ.சி.யு.வைக் கழற்றி, பெஞ்சில் வைத்துப் பழைய ஃபைலை எழுதினால் பெரும்பாலும் பிழைக்கும். போட்டவரிடம் உங்கள் வண்டியின் ஒரிஜினல் ஃபைலை இன்றைக்கே பென்டிரைவில் வாங்குங்கள். இல்லை என்று கைவிரித்தால், அவர் பேக்கப் எடுக்காமல்தான் கை வைத்திருக்கிறார்.

கே: பாண்டி டீசலுக்கும் கடலூர் டீசலுக்கும் தனி மேப் வேண்டுமா?

வேண்டாம். விலை மாறுவது வரியால். இரண்டும் பி.எஸ்.6 டீசல்தான், கந்தகம் 10 பி.பி.எம்.முக்குள். ஃபில்டரில் தண்ணீர் விளக்கு எரிந்தால் மட்டும், எந்த ஊர் டீசலானாலும், அன்றைக்கே அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள்.