அரை சென்ட் மலிவா?

கேள்வி: அதிகம் பேர் அறியாத ஒரு கிரிப்டோ நாணயத்தைக் கவனித்து வருகிறேன். விலை அரை சென்ட்தான். மொத்தம் 10,000 கோடி நாணயங்கள். ஒரு டாலரைத் தொட்டாலே போட்ட பணம் 200 மடங்கு ஆகிவிடும். எல்லோருக்கும் தெரியவரும் முன் வாங்கிப் போடலாமா?
– ஒரு வாசகர்

பதில்: 'அரை சென்ட்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஒரு நாணயத்தின் விலையை மட்டும் வைத்துக்கொண்டு அது மலிவு என்று சொல்லவே முடியாது. எண்ணிக்கையோடு பெருக்குங்கள். அரை சென்ட் வீதம் 10,000 கோடி நாணயம் என்றால் 50 கோடி டாலர். யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு இதுவா மலிவு? ஒரு டாலரைத் தொட்டால் 10,000 கோடி டாலர். 2021 மே மாதம் ஊர் உலகமெல்லாம் டோஜ்காயின் என்ற கிரிப்டோ நாணயத்தின் பேச்சாக இருந்தது. அன்றைய உச்சத்தில்கூட அதன் விலை 74 சென்ட் வாக்கில் நின்றுவிட்டது. மொத்த மதிப்பு 10,000 கோடி டாலரை எட்டவில்லை. அதையும் உங்கள் நாணயம் தாண்ட வேண்டும் என்கிறீர்கள்.

இன்னொன்று. இதே ஆட்கள் 10,000 கோடிக்குப் பதில் 100 கோடி நாணயம் வெளியிட்டிருந்தால் விலை 50 சென்ட் என்று காட்டியிருக்கும். நீங்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது அவர்களுக்கும் தெரியும்.

எண்ணிக்கையாவது நிலையானதா என்று பாருங்கள். 2022 ஏப்ரலில் 119 டாலர் வரை போன லூனா என்ற நாணயம், அடுத்த மாதம் சில நாட்களில் சுமார் 35 கோடியிலிருந்து 6.5 லட்சம் கோடி நாணயங்களாகப் பெருகி, ஒன்றுமில்லாமல் போனது.

சிறிய நாணயம் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஈத்தர் என்ற நாணயம் 2014-இல் முதன்முதலாக விற்கப்பட்டபோது சுமார் 30 சென்ட்தான். ஆனால் அதன் தளத்தில் நிரல் எழுதி ஓட்டலாம் என்ற புது வசதி இருந்தது, அதற்காக ஆட்கள் வந்தார்கள். உங்கள் நாணயம் என்ன வேலை செய்கிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம், விற்பது. வாங்குவதைப் பற்றி எழுதுகிற யாரும் இதை எழுதுவதில்லை. சிறிய நாணயங்கள் பெரும்பாலும் ஒரு பொதுத் தொகுப்பில்தான் கைமாறுகின்றன. நாணயத்தையும் டாலரையும் சேர்த்துப் போட்டு வைத்த உண்டியல் மாதிரி; ஒன்றைப் போட்டு மற்றொன்றை எடுக்க வேண்டும். அதில் 10 லட்சம் நாணயமும் 50,000 டாலரும் இருப்பதாக வையுங்கள். விலை 5 சென்ட். உங்களிடமும் 10 லட்சம் நாணயம் இருக்கிறது. திரையில் 50,000 டாலர் என்று காட்டும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் விற்றால், உள்ளே இருக்கும் நாணயத்தையும் டாலரையும் பெருக்கினால் வரும் எண் மாறக் கூடாது என்ற வழக்கமான கணக்குப்படி கைக்கு வருவது 25,000தான், கட்டணம் தனி. விலையும் கால்வாசியாகிவிடும். இது ஏமாற்று இல்லை, தொகுப்பு இயங்கும் விதமே இப்படித்தான். நாணயத்தை உருவாக்கியவர் தான் போட்ட டாலரை உருவிக்கொண்டு போய்விட்டால் அந்த 25,000மும் கிடையாது. 2021-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெயரில் வந்த நாணயம் 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு வந்தது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். காசு வாங்கிக்கொண்டு எழுதியதைச் செய்தி மாதிரி போடுகிறார்களே, அதை இந்தப் பக்கத்தில் நான் திட்டாத வருடம் இல்லை. கிரிப்டோவில் அது உச்சத்துக்குப் போய்விட்டது. ஈத்திரியம்மேக்ஸ் என்ற நாணயத்தைப் பற்றிப் பதிவிட 2.5 லட்சம் டாலர் வாங்கியதைச் சொல்லாமல் மறைத்ததற்காக, தொலைக்காட்சி நட்சத்திரம் கிம் கர்தாஷியனை 2022 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 12.6 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அவர் பிரபலம், மாட்டினார். பத்தாயிரம் பேர் பின்தொடரும் ஆளை யார் கேட்கப் போகிறார்கள்?

உங்களுக்கு இந்த நாணயத்தைச் சொன்னது யார்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவரிடம் எவ்வளவு இருக்கிறது, என்ன விலைக்கு வாங்கினார், காசு கொடுத்துத்தான் வாங்கினாரா என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதுவரை வாங்க வேண்டாம்.