1950களின் இரண்டு இருக்கை அமெரிக்கக் கார்களில் தண்டர்பேர்ட் வாங்கலாமா, கார்வெட் வாங்கலாமா?

வாங்கி அடிக்கடி ஓட்டப் போகிறீர்கள் என்றால், தண்டர்பேர்ட். அதிலும் 1956 அல்லது 1957 மாடல். நான் மிச்சிகனில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1956 தண்டர்பேர்ட். 312 கன அங்குல வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். நெருங்கிய நண்பர் ஒருவரிடம் 1957 கார்வெட் இருக்கிறது. கோடையில் இரண்டு பேரும் சாவியை மாற்றிக்கொண்டு ஓட்டுவது வழக்கம் என்பதால், இரண்டையும் பற்றிச் சொல்ல முடிகிறது.

முதலில் வந்தது ஜெனரல் மோட்டார்ஸின் கார்வெட்தான். 1953இல் ஃபிளின்ட் நகரில் 300 கார்கள் மட்டும் செய்தார்கள். எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் உள்ளே இருந்தது 150 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் இன்ஜினும் இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக்கும். கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடி கிடையாது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் பக்கத் திரையை எடுத்து மாட்ட வேண்டும். 1955இல் ஃபோர்டு தண்டர்பேர்டைக் கொண்டு வந்தபோது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் கார்வெட்டுக்கு இருந்த அதே 102 அங்குலம்தான். ஆனால் வி8 இன்ஜின், எஃகு உடல், முறையான கதவுக் கண்ணாடி எல்லாம் இருந்தன. அந்த ஆண்டு தண்டர்பேர்ட் 16,155 தயாரானது, கார்வெட் வெறும் 700. ஃபோர்டு இப்படிப் போட்டிக்கு வராமல் இருந்திருந்தால் ஜெனரல் மோட்டார்ஸ் கார்வெட்டை அப்போதே கைவிட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

கைவிடாமல் திருத்தினார்கள். 1956இல் புது உடலும் கண்ணாடியும் வந்தன. 1957இல் 283 கன அங்குல இன்ஜினுக்கு எரிபொருளைப் பீச்சிச் செலுத்தும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொடுத்து 283 குதிரைத்திறன் வரை எடுத்தார்கள், நான்கு கியர் மேனுவலும் கிடைத்தது. ஸோரா ஆர்கஸ் டன்டோவ் என்ற பொறியாளரின் உழைப்பு இந்தக் காரில் நன்றாகத் தெரியும். நண்பரின் வண்டியில் உட்கார்ந்து மூன்றாவது கியரில் மிதித்தால் உடம்பு சிலிர்க்கும். வளைவில் அது கேட்டபடி திரும்பும். வேகம்தான் வேண்டும் என்பவருக்கு நான் கார்வெட்டைத்தான் சொல்வேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தண்டர்பேர்ட் வேறு குணம். ஃபோர்டே அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லி விற்கவில்லை, பர்சனல் கார் என்றுதான் சொன்னது. நீள இருக்கை, பவர் ஸ்டீயரிங், மெத்தென்ற ஓட்டம். நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருக்கும் மனைவியோடு குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே போகலாம். இரண்டு பேர் மட்டும் போகும் வண்டிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மாடல்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. 1955 வண்டி பார்க்கத் தூய்மையானது, ஆனால் 6 வோல்ட் மின்சாரம், உள்ளே சூடு, ஹார்ட்டாப் என்ற கழற்றி மாட்டும் கடினக் கூரையைப் போட்டால் பின்பக்கப் பார்வை மறையும். 1956இல் 12 வோல்ட் ஆக்கினார்கள், முன் ஃபெண்டரில், அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகட்டில், காற்றுக் கதவு வைத்தார்கள், ஹார்ட்டாப்பில் வட்ட ஜன்னல் தந்தார்கள். ஸ்டெப்னியைக் காருக்கு வெளியே பின்னால் மாட்டியதும் அந்த ஆண்டுதான். எனக்கு அந்தத் தோற்றம் உயிர். ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்டெப்னியைச் சாய்த்துவிட்டுத்தான் டிக்கியைத் திறக்க முடியும். 1957இல் டிக்கியை நீட்டி ஸ்டெப்னியை உள்ளே கொண்டு போனார்கள். பயன்பாடு என்று பார்த்தால் மூன்றில் அதுவே சிறந்தது. 1958இல் நான்கு இருக்கை ஆகிவிட்டது, அது உங்கள் கேள்விக்கு வெளியே.

அப்புறம் பராமரிப்பு. தண்டர்பேர்டின் பெரிய எதிரி துரு. தரைத்தகடு, கதவுக்குக் கீழ்ப் பகுதி, டிக்கித் தரை, முன் சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் அடிப்பாகம், இவற்றைக் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்ஜினை ஓடவிட்டு மேலே டக் டக் என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஒய்-பிளாக் என்று அழைக்கப்படும் இந்த ஃபோர்டு வி8 இன்ஜின்களில் பழைய எண்ணெயின் கசடு வழியை அடைத்து, மேலே வால்வுகளை இயக்கும் ராக்கர் தண்டுக்கு எண்ணெய் ஏறாமல் போவது உண்டு. வால்வு கவரைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

கார்வெட்டின் உடல் ஃபைபர் கிளாஸ், துருப்பிடிக்காது. அதை நம்பிப் பலர் அடியில் பார்ப்பதே இல்லை. சேசிஸ் எஃகுதானே, அது நன்றாகவே துருப்பிடிக்கும். லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். ஹெட்லைட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, சக்கர வளைவுக்கு உள்ளே ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா என்பதும் முக்கியம், பழைய விபத்து அங்கேதான் தெரியும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

உதிரிபாகம் இரண்டுக்குமே புதிதாகச் செய்து விற்கிறார்கள், அந்தக் கவலை வேண்டாம். பிரேக் இரண்டிலும் டிரம்தான். முன்னால் போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டுப் பழகுங்கள். விலையில், 1953 கார்வெட்டும் இன்ஜெக்‌ஷன் கார்வெட்டும் சாதாரணத் தண்டர்பேர்டைவிடப் பல மடங்கு போகும்.

1957 தண்டர்பேர்டை இரட்டைக் கார்புரேட்டர் வண்டி என்றோ சூப்பர்சார்ஜர் வண்டி என்றோ சொல்லி யாராவது அதிக விலை கேட்டால், தொழிற்சாலையில் பொறித்த வண்டி எண்ணின் (பதிவு எண் அல்ல) முதல் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். முதலாவதற்கு 'இ', இரண்டாவதற்கு 'எஃப்'. அங்கே 'சி' அல்லது 'டி' இருந்தால் அந்தச் சாமான்கள் பிறகு மாட்டியவை, அதற்குத் தகுந்த விலையை மட்டும் பேசுங்கள்.