சீனர்கள் சிலர் ‘ஆப்பிள்’, ‘ரெயின்போ’ என்றெல்லாம் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்வது ஏன்?

ஆங்கிலம் படிக்கும் சீனர்கள் பலர் வகுப்பிலும் வேலையிடத்திலும் புழங்க ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அதைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களேதான்.

ஜான், மேரி என்று ஆங்கிலத்தில் பெயருக்கென்றே சில சொற்கள் உண்டு. சீனத்தில் அப்படிக் கட்டாயப் பட்டியல் கிடையாது. மழை, பனி, காடு என நல்ல பொருள் தரும் எழுத்து எதையும் பெற்றோர் கோத்துப் பெயராக்கலாம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வருபவருக்கு ‘ஆப்பிள்’ விசித்திரமாகவே படாது.

நம் எழுத்தாளர்களின் புனைபெயர் மாதிரிதான். பிடித்ததைச் சூட்டிக்கொள்ளலாம், சலித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த ஆங்கிலப் பெயரைச் சட்டப்படியான பெயர் என்று சிலர் நினைக்கலாம். சீனாவின் அடையாள அட்டையில் இது ஏறாது, ஹாங்காங் அட்டையில் வேண்டுமானால் பதிந்துகொள்ளலாம்.