குன்னூர்க் குளிரில் தையல் இயந்திரம் இறுகுவதும், துணிக்கடியில் நூல் சிக்குவதும் ஏன்?

குன்னூரில் மாமியார் தந்த பழைய கால்மிதி இயந்திரம். காலையில் சக்கரம் சுற்றவில்லை, தைத்தால் துணிக்கடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது, தேங்காய் எண்ணெய் விட்டும் பயனில்லை என்கிறீர்கள்.

அந்தத் தேங்காய் எண்ணெய்தான் வினை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். தலைக்குத் தேய்க்கும் முன் புட்டியை வெந்நீரில் வைக்கிறோமே, அதே கதைதான் இயந்திரத்துக்குள்ளும். இயந்திரத்தை அடுப்பிலிருந்து தள்ளிவைத்து, சிறிது மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வழியும் அழுக்கைத் துடைத்த பின் தையல் இயந்திர எண்ணெய், துளைக்கு ஒரு சொட்டு.

அடியில் சிக்கினால் எல்லோரும் கீழ்நூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுகிறார்கள், பாவம். பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவைத்துவிட்டு நூலைக் கோக்க வேண்டும். அப்போதுதான் மேல்நூலைப் பிடிக்கும் இறுக்கத் தட்டுகள் விரிந்து நூல் அவற்றின் நடுவே உட்காரும். ஊசியில் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூல் நுழைய வேண்டும். முதல் சில தையல்களுக்கு இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பருத்திக்கு 14ஆம் எண் ஊசி. தடித்த கம்பளிக்கு 16 அல்லது 18. மழைக்காலத்தில் சக்கரங்களை இணைக்கும் தோல் வார் தொய்ந்தால், கொஞ்சம் வெட்டி மறுபடி கொக்கி மாட்டினால் போதும்.